தண்ணீர் இறங்கும் என்று சொன்ன நாள்

புளிச்சோற்றை மெல்லும்போது பல்லிடுக்கில் மணல் நறநறவென்றது. காற்றுக்கு முதுகைத் திருப்பி உட்கார்ந்து, தூக்குச் சட்டியின் வாயை முந்தானையால் மூடி மூடி அம்மா எடுத்துக் கொடுத்தும், அன்று நாங்கள் தின்றதில் பாதி மணல்தான். இத்தனை வருஷம் கழித்தும், சரியாகக் கழுவாத கீரையில் ஒரு துகள் மண் கடிபட்டால் போதும், மெல்லுவதை நிறுத்திவிடுகிறேன். பக்கத்தில் இருப்பவர்கள் மண்ணுக்காக முகம் சுளிக்கிறேன் என்று நினைத்துக்கொள்கிறார்கள். எனக்கோ அந்தக் கணத்தில் நாலா பக்கமும் தண்ணீர் தெரிகிறது, நடுவில் நாங்கள் நாலு பேர் தெரிகிறோம்.

அம்பத்தூரில், எங்கள் கள்ளிக்குப்பத்தில் காணும் பொங்கல் என்றால் கடற்கரைதான். தெருவே சேர்ந்து ஒரு "மெட்டடோர்" வண்டி பேசி, சோற்று மூட்டையும் பிள்ளைகளுமாக ஏறிக்கொண்டு மெரினாவுக்குப் போவோம். நான் ஐந்தாவது படித்த வருஷம் அந்தக் கூட்டத்தில் என் தங்கை வசந்தி தொலைந்துபோனாள். அப்போது அவளுக்கு நடை பழகி ஒரு வருஷம்கூட ஆகியிருக்காது. பொழுது சாயும்போது போலீஸ்காரர்கள் போட்டிருந்த கொட்டகையில், யாரோ வாங்கிக் கொடுத்த பஞ்சு மிட்டாயைத் தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் அழவில்லை; அம்மாதான் அழுதாள். இனிமேல் "பீச்சு" இருக்கிற திக்கில் தலைவைத்துக்கூடப் படுக்கமாட்டேன் என்று வண்டி வீடு வந்து சேரும்வரை சொல்லிக்கொண்டே வந்தாள்.

ஆகவே அடுத்த வருஷம் ஆளே இல்லாத ஒரு கடற்கரைக்குப் போவது என்று நைனா முடிவு செய்தார். எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். எஸ்டேட் என்று நாங்கள் சொல்லும் அம்பத்தூர் தொழிற்பேட்டையில், ஒரு இரும்பு வார்க்கும் பட்டறையில் அவருக்கு வேலை. கூட வேலை செய்த எல்லப்பன் என்பவர் பழவேற்காட்டுப் பக்கத்துக்காரர். அவர் ஒருநாள் எங்கள் வீட்டு வாசலில் டீ குடித்துக்கொண்டே சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "எங்க பக்கம் இட்டுகினு போ மச்சான். படகுல ஏரியத் தாண்டுனா மணலு ரவ மாறி கீது. ஒரு பய இருக்கமாட்டான். ஒம் பொண்ணுங்க தொலையணும்னாலும் யாருகிட்ட போயி தொலையறது?" அம்மாகூடச் சிரித்துவிட்டாள்.

நைனாவுக்குத் தண்ணீரைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்பது எங்கள் தெருவில் எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயம். அவருடைய அப்பாவும் அம்மாவும் அம்பத்தூர் ஏரிப் பாசனத்தில் கூலிக்கு நடவு நட்டவர்கள். அந்த நிலமெல்லாம் மனைகளாகவும் கம்பெனிகளாகவும் மாறிய பிறகுதான் நைனா பட்டறைக்குப் போனார். ஆனாலும் அவர் உடம்பில் இருந்தது ஏரிதான். தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே இங்கே இடுப்பளவு, அங்கே ஆள் மட்டம் என்று சொல்லிவிடுவார். ஏரி காலையில் எங்கே நிற்கிறதோ அங்கேதான் மாலையிலும் நிற்கும். மழை பெய்தால் ஏறும், ஏறிக்கொண்டே இருக்கும். கோடை வந்தால் மாதக்கணக்கில் வற்றும். தண்ணீர் என்றால் எங்களுக்கு அவ்வளவுதான்.

என்னைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். எங்கள் குடும்பத்தில் எழுத்துக்கூட்டிப் படித்த முதல் ஆள் நான். அதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை, அப்போதும் இருந்ததில்லை. பஸ் பலகை, மருந்துச் சீட்டு, ரேஷன் கடைக் கரும்பலகை எல்லாவற்றுக்கும் என்னைத்தான் முன்னால் தள்ளுவார்கள். ஆறாவது வந்த பிறகு தெருவில் மற்றவர்களும் கூப்பிட ஆரம்பித்தார்கள். யாராவது கூப்பிட்டால் பாவாடையைத் தட்டிவிட்டுக்கொண்டு, கொஞ்சம் காக்கவைத்துத்தான் போவேன்.

போகிப் பண்டிகை முடிந்ததும் பொன்னேரியில் இருந்த சித்தி வீட்டுக்குப் போய்விட்டோம். பொங்கலை அங்கே கொண்டாடிவிட்டு, காணும் பொங்கலன்று விடிவதற்குள் முதல் பஸ் பிடித்துப் பழவேற்காடு போய் இறங்கினோம். சித்தி வீட்டில் யாரும் கூட வரவில்லை; ஆளில்லாத இடத்தில் என்ன பண்டிகை என்று கேட்டுவிட்டார்கள். ஏரியைக் கடக்கப் படகில் ஏறினோம். படகுக்காரர் எங்களை அக்கரையில் ஒரு மீனவர் குப்பத்துக்குப் பக்கத்தில் இறக்கிவிட்டு, பொழுது சாய்வதற்குள் அதே இடத்துக்கு வந்துவிடச் சொன்னார். பண்டிகை நாளானதால் குப்பத்தில் வலைகளெல்லாம் உருட்டிக் கிடந்தன. எங்கேயோ ஒலிபெருக்கி பாடிக்கொண்டிருந்தது. நைனா எங்களை இன்னும் தள்ளி, இன்னும் தள்ளி என்று நடத்திக்கொண்டே போனார். பாட்டுச் சத்தம் கேட்காத இடம் வந்ததும், குறுக்கே ஒரு வாய்க்கால் கிடந்தது. ஏரிக்கும் கடலுக்கும் நடுவே ஓடும் வாய்க்கால். அகலம் எங்கள் தெரு நீளம் இருக்கும். ஆழம் நைனாவுக்கு முழங்காலைத் தொடவில்லை. அதற்கு அந்தப் பக்கம் தனியாக ஒரு மணல் திட்டு, முன்னால் கடல், பின்னால் ஏரி. எல்லப்பன் சொன்னது பொய்யில்லை. அங்கே ஒரு மனிதக் காலடிகூட இல்லை.

வசந்தியைத் தோளில் வைத்துக்கொண்டு நைனா முன்னே போக, அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு என் கையைப் பிடித்துக்கொள்ள, சிரித்துக்கொண்டே தாண்டினோம். தண்ணீர் வெதுவெதுப்பாக, அடியில் மணல் தெரியத் தெளிவாக இருந்தது. எங்கள் ஏரி வாய்க்காலில்கூட இதைவிட ஆழம் என்று நைனா சொன்னார்.

கொஞ்ச நேரம் சந்தோஷமாகத்தான் இருந்தோம். ஆனால் கூட்டத்துக்குப் பழகியவர்களுக்கு ஆளில்லாத இடம் சீக்கிரமே என்னவோ செய்துவிடுகிறது. மெரினாவில் அலைச் சத்தம் என்று ஒன்றை நான் கேட்டதே இல்லை. சுண்டல்காரன் குரலும் ராட்டினச் சத்தமும்தான் கேட்டிருக்கிறேன். இங்கே அலை மட்டும் அடித்தது. நாங்கள் பேசுவதை நிறுத்தினால் அது பக்கத்தில் வந்துவிட்டது போலிருந்தது. நண்டுகள் வளையை விட்டு வந்து எங்களைப் பார்த்துவிட்டு உள்ளே போயின. கத்தினால் யாருக்குக் கேட்கும் என்று பார்க்க நான் ஒருமுறை கத்திப் பார்த்தேன். காற்று என் குரலை வாயிலிருந்து பிய்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டது. அம்மா அதட்டினாள், சும்மா இருக்கச் சொன்னாள். அவளுக்கும் அது பிடிக்கவில்லை என்று தெரிந்தது.

சோறு தின்று, நைனா ஒரு தூக்கம் போட்டு எழுந்தபோது, நாங்கள் விரித்திருந்த போர்வையின் ஓரம் நனைந்திருந்தது. அலைக்கு எட்டாத இடமென்று பார்த்துத்தான் விரித்திருந்தோம். எங்கள் காலடிகளில் பாதியைக் காணோம். காலையில் நண்டு வளைகள் இருந்த மணல் முழுக்கத் தண்ணீராக இருந்தது. அம்மா சாமான்களை மூட்டை கட்ட ஆரம்பித்தாள்.

வாய்க்காலுக்கு வந்து பார்த்தால், காலையில் பார்த்த வாய்க்கால் அங்கே இல்லை. கலங்கலாக, கனமாக, கடலிலிருந்து ஏரிக்குள் ஒரு ஆறே ஓடிக்கொண்டிருந்தது. அகலமும் கூடிப்போயிருந்தது. மழை இல்லை, மேகம்கூட இல்லை. மேலே ஒரு பொட்டு மேகமில்லாத வானத்தின் கீழே தண்ணீர் மட்டும் ஏறியிருப்பதைப் பார்க்க, யாரோ வேண்டுமென்றே செய்த காரியம்போல இருந்தது. நைனா அக்கரையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், பிறகு லுங்கியை இறுக்கிக் கட்டிக்கொண்டு தனியாக இறங்கினார். நாலைந்து எட்டில் இடுப்பு மூழ்கியது. இன்னும் இரண்டு எட்டு வைத்ததும் மார்பு. அப்போது அவர் கால் மணலை விட்டது. நான் என் நைனா தண்ணீரில் தடுமாறிப் பார்த்தது அன்றுதான். கையை அடித்து, ஒரு பக்கமாக இழுபட்டு, தள்ளிப்போய்க் கரையேறினார். மூச்சு வாங்கியது. ஆனால் முகத்தில் தோற்ற களை இல்லை, அவசரம்தான் இருந்தது.

"ஏறிகினே கீது. இப்பவே தாண்டணும்," என்றார். வசந்தியை முதுகில் கட்டிக்கொண்டு அவர் முதலில் போவது, அக்கரையில் அவளை விட்டுவிட்டுத் திரும்பி வந்து என்னையும் அம்மாவையும் ஒவ்வொருவராக இழுத்துக்கொண்டு போவது என்று திட்டம். அதற்காக அம்மாவின் மாற்றுச் சேலையை மூட்டையிலிருந்து உருவினார்.

அப்போதுதான் எனக்கு அந்தச் சொல் ஞாபகம் வந்தது: ஓதம். அரையாண்டுத் தேர்வில் எழுதி, சிவப்பு மையில் "சரி" வாங்கிய விடை. கடல் நீர் நாள்தோறும் உயரும், பிறகு தாழும். அதை எழுதும்போது என் மனதில் கடலே இல்லை. மனப்பாடம் செய்த வரிகள்தான் இருந்தன. காலடியில் ஓடுகிற இந்தக் கலங்கல் தண்ணீர்தான் அந்த விடை என்று புரிந்தபோது எனக்குப் பெருமை வரவில்லை. பயம்தான் வந்தது. தாழும் என்று எழுதினேன்; எவ்வளவு நேரத்தில் என்று எழுதியது எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

"நைனா, போவாத. இது ஏரி இல்ல. ஏறுன தண்ணி எறங்கிடும். பொஸ்தகத்துல கீது."

அவர் சேலையைத் திரித்துக்கொண்டே இருந்தார். என்னைப் பார்க்காமலேதான் பேசினார். "எறங்கும், எறங்கும்னு சொல்லிகினுதான் எங்கண்ணன் கலங்கல் மேட்டுல ஒக்காந்துகினு இருந்தான். நான் இடுப்பளவு இருக்கசொல்லவே தாண்டிட்டேன். அவன் ஒக்காந்தே இருந்தான். எறங்கவே இல்ல. மூணாம் நாளு கொரட்டூராண்ட எடுத்தோம்."

ஏரி நிரம்பி வழிகிற கலங்கலில், பெரியப்பா ஒருவர் வெள்ளத்தில் போனார் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அவர் காத்திருந்ததால் போனார் என்பது எனக்கு அன்றுவரை தெரியாது. நைனா உயிரோடு இருப்பதே காத்திருக்காமல் தாண்டியதால்தான். அப்படிப்பட்டவரிடம் போய், காத்திருக்கலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். நான் சொல்வது தவறாக இருந்தால் இந்தத் திட்டு முழுகும். அவர் சொல்வது தவறாக இருந்தால் அந்த வாய்க்காலில் வசந்தி போய்விடுவாள். இரண்டும் என் கண் முன்னால் தெரிந்தன.

அம்மா கேட்டாள், "எப்போ எறங்கும்டி?"

"சாயங்காலம்," என்றேன். அந்த வார்த்தை எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை. ஏதாவது சொல்லியாக வேண்டும் என்று வாய் சொல்லிவிட்டது.

நைனா வசந்தியை வாங்கக் கையை நீட்டினார். அம்மா கொடுக்கவில்லை. திட்டின் நடுமேட்டில் அடம்பங்கொடி படர்ந்திருந்த இடமாகப் பார்த்துப் பின்னாலேயே நகர்ந்துபோய், குழந்தையோடு தொப்பென்று உட்கார்ந்துவிட்டாள். "எம் பொண்ணு படிச்சவ. அவ சொல்றா. நான் வரல. நீ போறதுன்னா போய்யா," என்றாள். அம்மா நைனாவிடம் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அவர் கத்தினார், கெஞ்சினார், பள்ளிக்கூடத்தைத் திட்டினார், எல்லப்பனைத் திட்டினார். அம்மா இரண்டு கையாலும் வசந்தியை இறுக்கிக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தாள். கடைசியில் அவரும் திரித்த சேலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

நான் ஒரு மூங்கில் துண்டைப் பொறுக்கி வந்து தண்ணீரின் ஓரத்தில் நட்டேன். கொஞ்ச நேரத்தில் அதன் அடி நனைந்தது. பிறகு அது தண்ணீருக்குள் நின்றது. பிறகு ஒரு அலை அதைச் சாய்த்தது. நைனா அதைப் பார்த்துவிட்டு, மடியிலிருந்த சேலையை இன்னும் இறுக்கித் திரித்தார். அவர் திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். சாய்ந்த கொம்பை எடுத்துக் கொஞ்சம் மேலே நட்டேன். அதுவும் நனைந்தது. எனக்குத் தெரிந்த சாமியையெல்லாம் வேண்டிக்கொண்டேன். சாமி பேர் தீர்ந்தபோது, அந்த விடையை முதலிலிருந்து மனதுக்குள் ஒப்பித்தேன். எழுதியபோது ஒரு சொல் விட்டுப்போயிருந்தால்? ஆசிரியர் சரியாகப் பார்க்காமல் "சரி" போட்டிருந்தால்? படிப்பு என்பது நாலு பேர் உயிரை வைத்து விளையாடுகிற விஷயம் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. வசந்தி மட்டும் பசி என்று அழுதாள். மீதமிருந்த சோற்றை அம்மா ஊட்டினாள். குழந்தை துப்பிவிட்டு, "மண்ணு, மண்ணு" என்றாள்.

எப்போது நின்றதென்று தெரியாது. ஒரு தடவை பார்த்தபோது கொம்புக்கு முன்னால் ஈர மணல் ஒரு சாண் பளபளத்தது. கண் ஏமாற்றுகிறது என்று நினைத்து யாரிடமும் சொல்லவில்லை. பிறகு இரண்டு சாண் ஆனது. நைனாதான் எழுந்துபோய்க் குனிந்து பார்த்தார். திரும்பி வந்து, பழைய இடத்திலேயே உட்கார்ந்துகொண்டு, முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். தோள்கள் குலுங்கின. பெரியப்பாவுக்காக அழுகிறார் என்று அம்மா என் காதில் சொன்னாள்.

சூரியன் ஏரிக்குள் இறங்கிச் செம்மண் நிறமாக இருந்தபோது தாண்டினோம். தண்ணீர் இப்போது கடல் பக்கமாக ஓடியது. நைனாவின் தொடையளவு இருந்தது. வசந்தியைத் தோளில் ஏற்றிக்கொண்டு, எங்கள் மூன்று பேர் இடுப்பையும் அவர் ஒரே சேலையால் பிணைத்திருந்தார். கால்விரல்களுக்குக் கீழே மணல் நழுவி நழுவிப்போனது. காலைத் தூக்கினால் அந்த இடத்தில் தரையே இல்லாமல் போய்விடுமோ என்று பயந்து, உரசிக்கொண்டே நடந்தேன். அக்கரையில் படகுக்காரர் எங்களைத் தேடி வந்துகொண்டிருந்தார். "போன நாலு பேரக் காணமேன்னு வரேன். யாருய்யா நீங்க, எந்த ஊரு?" என்று கத்தினார். அம்பத்தூர் என்று நைனா சொன்னதும், தலையில் அடித்துக்கொண்டார்.

அந்த நாளுக்குப் பிறகு எங்கள் வீட்டில் என் இடமே மாறிவிட்டது. அம்மா தெருக்குழாயடியில் ஆரம்பித்துச் சொந்தக்காரர்களின் கல்யாணம் வரைக்கும் இந்தக் கதையைச் சொன்னாள்: எம் பொண்ணு சொன்னா, தண்ணி எறங்கிச்சு. சொல்லும்போது ஒவ்வொரு தடவையும் தண்ணீர் கொஞ்சம் சீக்கிரமாக இறங்கும். என்னைப் பத்தாவதோடு நிறுத்திவிட நினைத்த நைனா, அந்தக் கதைக்காகவே என்னைக் காலேஜுக்கு அனுப்பினார் என்று நினைக்கிறேன். எந்த டாக்டர், எந்த மனை, சித்தப்பாவுக்கு ஆபரேஷன் செய்யலாமா வேண்டாமா, எல்லாவற்றுக்கும் என்னைக் கேட்டார்கள். நானும் சொன்னேன். தெரிந்ததையும் சொன்னேன், தெரியாததையும் தெரிந்த குரலில் சொன்னேன். சொல்லிவிட்டு இரவெல்லாம் படுத்து, கொம்பு சாய்வதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பெருமையும் பயமும் இப்படி ஒரே பாயில் படுக்கும் என்று வெளியே யாருக்கும் தெரியாது. எஸ்டேட்டில் ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில் கம்ப்யூட்டர் முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் என்னைப் பார்ப்பவர்களுக்கு நான் கொஞ்சம் தலைக்கனம் பிடித்தவள், அவ்வளவுதான்.

இந்த வருஷம் காணும் பொங்கலுக்கு வசந்திதான் அங்கே போகலாம் என்று பிடிவாதம் பிடித்தாள். அவளுக்கு அந்த நாளில் எதுவுமே நினைவில்லை, கதைதான் தெரியும். போனோம். அந்தத் திட்டு இல்லை. வாய்க்கால் இருந்த இடத்தில் கால் சுடும் மணல்மேடு கிடந்தது. ஏரி கடலோடு சேரும் வாய் எங்கோ வடக்கே தள்ளித் திறந்திருந்தது. ஆளில்லாத இடமும் இல்லை. வேனில் வந்தவர்கள் பிளாஸ்டிக் தட்டில் பிரியாணி தின்றுகொண்டிருந்தார்கள். நைனா இங்கேதான், இல்லை அங்கே, என்று கையைக் காட்டிக்கொண்டே நடந்தார். வசந்தி நம்பாதவள்போலப் பார்த்தாள்.

திரும்பும்போது படகில் நைனாவும் வசந்தியும் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா என் பக்கத்தில். மோட்டார் சத்தத்தில் அவள் சொன்னது எனக்கு மட்டும்தான் கேட்டது.

"அன்னைக்கு நீ சொன்னதக் கேட்டுத்தான் ஒக்காந்தேன்னு நெனச்சிகினு கீற, இல்ல? எனக்குக் காலு ரெண்டும் வெலவெலத்துப் போச்சுடி. நிக்க முடியல. பயந்துட்டேன்னு சொன்னா ஒங்க நைனா கையப் புடிச்சி இஸ்துகினு எறங்கியிருப்பாரு. அதான் ஒம் பேரச் சொன்னேன்."

நான் அவளைப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. இத்தனை வருஷம் என் சொல் நிறுத்திவைத்தது என்று நான் நம்பிய படிக்காத என் அம்மாவை, அவளுடைய சொந்தப் பயம்தான் நிறுத்தியிருக்கிறது. அதுதான் எங்களைக் காப்பாற்றியும் இருக்கிறது. அம்மா தண்ணீர்ப் பக்கம் திரும்பினாள். ஏரி அசைவில்லாமல் சாம்பல் நிறத்தில் கிடந்தது.

"இப்ப ஏறுதா, எறங்குதா?" என்று கேட்டாள்.

உற்றுப் பார்த்தேன். "தெரியலம்மா," என்றேன்.

எங்கள் வீட்டாரிடம் நான் அந்தச் சொல்லைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அம்மா சரி என்று தலையை ஆட்டிவிட்டு, ஒரு கையால் படகின் விளிம்பையும் மறு கையால் என் மணிக்கட்டையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.